பழப்புளி போட்டு மினுக்கிய கிற்றார்

இரும்பிலும் பித்தளையிலும் கிற்றார் செய்வார்கள் என்பது, மெல்பேர்ணின் ஓரத்தில், ரோவிலில் இருந்த பெரியப்பா வீட்டுக் கராஜைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. அந்தத் தெருவில் மற்ற எல்லோருடைய கராஜிலும் கார் நின்றது. பெரியப்பாவின் கார் மழையிலும் வெயிலிலும் வெளியே கிடக்க, உள்ளே கம்பளம் விரித்து, ஹீட்டர் போட்டு, நாலு கிற்றார்கள் சொகுசாகக் குடியிருந்தன. பெரியம்மா அவற்றை 'உன்ர பெரியப்பாவின்ர தகரங்கள்' என்றுதான் சொல்வார். சொல்லும்போது கோபம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் குளிர்காலத்தில் பெரியப்பா வேலையால் வரமுன்பே போய் அந்த ஹீட்டரைப் போட்டுவிடுகிறவரும் அவர்தான்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட், அப்பாவுக்கு நகரத்தில் வேலை. பள்ளிக்கூட விடுமுறை வந்தால் என்னையும் என் டியூஷன் புத்தகங்களையும் கொண்டுபோய்ப் பெரியப்பா வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பெரியப்பா பகலெல்லாம் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு ரயில் சிக்னல்களுக்கு வரைபடம் போடுகிற எஞ்சினியர். பின்னேரம் ரையைக் கழற்றிக் கதவுப்பிடியில் கொழுவிவிட்டுக் கராஜுக்குள் போனாரென்றால் வேறு ஆள்.

மின்சாரக் கிற்றார் வருவதற்கு முந்திய காலத்தில், ஆட்கள் கூடி ஆடிப் பாடுகிற இடங்களில் மரக் கிற்றாரின் சத்தம் எடுபடவில்லையாம். அதனால் உலோகத்தில் உடம்பு செய்து, உள்ளே சத்தத்தைப் பெருக்க அலுமினியத்தில் ஒரு கூம்பு வைத்தார்கள். பெரியப்பா ஒருமுறை மூடியைக் கழற்றி அதைக் காட்டினார். அப்பளம் மாதிரி மெல்லிசாக இருந்தது. மூச்சுக் காற்றுக்கூடப் படக்கூடாது என்றார். நான் உண்மையாகவே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

சுண்டுவிரலில் ஒரு போத்தலின் கழுத்துத் துண்டை மாட்டிக் கம்பிகளில் வழுக்கிக்கொண்டே அவர் வாசிப்பார். அமெரிக்காவின் பருத்தித் தோட்டங்களில் முறிந்து முறிந்து வேலை செய்த கறுப்பு மக்களின் ப்ளூஸ் பாட்டுகள் அவை. முதன்முதல் அதைக் கேட்ட அன்று நான் மேசைக்குக் கீழே புகுந்துவிட்டேன். யாரோ ஒருவர் கராஜுக்குள் நின்று அழுவது போலவும், அழுதுகொண்டே பகிடி விடுவது போலவும் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஓடிப்போகவும் மனம் வரவில்லை. பெரியப்பாவா இதைச் செய்கிறார், தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று முணுமுணுக்கிற எங்கள் பெரியப்பாவா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தபடி இருந்தேன்.

ஐந்தாவது கிற்றார் வந்த கதைதான் இது. பெரியப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நீண்ட வாரவிடுமுறைகளில் மெல்பேர்ணுக்கு வெளியே சின்னச் சின்ன ஊர்களுக்குப் போவார். அங்கே பலசரக்குக் கடை வாசல் பலகையில், பழைய உலோகக் கிற்றார் இருந்தால், நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, அழையுங்கள் என்று ஒரு அட்டையைக் குத்திவிட்டு வருவார். அநேகமாகத் தகர வாளி விற்கிறவர்கள்தான் அழைப்பார்கள். அந்த வருடம் பெண்டிகோவுக்கும் அப்பால் ஓர் ஆட்டுப் பண்ணையிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அழைத்தார். பிறகு நாங்கள் அவரைப் பண்ணை அன்ரி என்றே சொல்லப் பழகிவிட்டோம்.

கிற்றார் அவருடைய கணவருடையது. பித்தளையில் செய்து நிக்கல் பூசியது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு கப்பலில் வந்ததாம். ஆடுகளுக்கு மயிர் வெட்டிவிட்டு வந்து விறாந்தையில் இருந்து, இருட்டும்வரை வாசிப்பாராம் மனிதர். அவர் இறந்தபிறகு அது அலுமாரிக்கு மேலே கிடந்தது. விற்கிற எண்ணம் அன்ரிக்கு இல்லை. வாசிக்கத் தெரிந்த ஒரு கைக்குப் போகட்டும் என்றார். கொண்டுபோய் ஒரு மாதம் வாசியுங்கள், கிளென் வேவர்லியில் இருக்கிற மகள் வீட்டுக்கு நான் வரும்போது வந்து கேட்பேன், என் மனம் ஒத்துக்கொண்டால் அது உங்களுடையது, இல்லாவிட்டால் திரும்ப எடுத்துப்போவேன் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அந்த மாதம் முழுவதும் பெரியப்பா சோதனைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி இருந்தார். மற்ற நாலும் சும்மா என்று ஆகிவிட்டது. இந்த மாதிரி ஒன்றைப் படத்தில் மட்டும்தான் கண்டிருந்தாராம். நான் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆட்டுக் கொழுப்பு, சிகரெட் புகை, தூசி எல்லாம் சேர்ந்து கரி பிடித்த சட்டி நிறத்தில் இருந்தது அது. ஆனால் அந்தக் கறுப்பில் ஒருவரும் கைவைக்கக் கூடாது என்று பெரியப்பா கட்டளை போட்டிருந்தார். சேகரிக்கிற ஆட்களுக்கு அந்த நிறம்தான் கிற்றாரின் வயதாம். அதைத் துடைத்தால் மதிப்பே போய்விடுமாம். அழுக்குக்கும் இந்த நாட்டில் ஒரு மரியாதையோ என்று பெரியம்மா கேட்டார்.

செப்டெம்பர் விடுமுறையோடு நவராத்திரி வந்தது. பண்ணை அன்ரி வருகிறேன் என்று சொன்ன சனிக்கிழமையும் சரஸ்வதி பூசையும் ஒரே நாளாகப் போயின. எங்கள் வீடுகளில் பூசைக்குப் புத்தகங்களையும் வாத்தியங்களையும் கும்பத்துக்கு முன்னால் வைப்பார்கள். வைத்தால் மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்கலாம், இடையில் தொடக்கூடாது. இந்த விதியில் எனக்கு அளவில்லாத பக்தி இருந்தது. டியூஷன் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுபோய் வைப்பேன். பெரியப்பாவும் வருடா வருடம் ஒரு கிற்றாரைத் தெரிந்து வைப்பார். அந்த முறை புதிதாக வந்ததை வைக்கச் சொன்னார். சனிக்கிழமை அன்ரிக்கு வாசித்துக் காட்டியதும் வைக்கலாம் என்று அவர் மனதில் நினைத்திருக்கிறார். அதை வாயால் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகும் அவசரத்தில், அது எங்களோடயே தங்கவேணும் எண்டு கும்பிட்டு வையும் என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெரியம்மா குத்துவிளக்குகளை இறக்கிக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் பேப்பர் விரித்து வைத்தார். ஊறவைத்த பழப்புளியைப் போட்டுத் தேய்த்து, கழுவி, கடைசியில் திருநீறு தொட்டு மினுக்கினார். விளக்குகள் முடிந்ததும் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பூசைக்கு வைக்கிற சாமானை மினுக்கித்தான் வைப்பது. அதில் எனக்கும் சந்தேகம் வரவில்லை. மூடியின் ஓட்டைகளுக்குள் தண்ணீர் போகாமல் துவாய் வைத்து அடைத்து, குழந்தைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். கறுப்புக் கரைந்து கரைந்து வந்தது. உள்ளேயிருந்து வெள்ளி நிறம் புறப்பட்டது. குசினிக் கூரையில் வெளிச்சம் ஓடியது. இவ்வளவு வடிவான ஒன்றை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

பிறகு பெரியம்மாவின் கை நின்றுவிட்டது. கிற்றாரின் மேல்பக்க வளைவிலிருந்து கீழே சரிவாக ஓர் அகலமான பட்டை மட்டும் வெள்ளியாக இல்லாமல் மஞ்சளாக, பொன் மாதிரி மினுங்கியது. நிக்கல் பூச்சையும் சேர்த்துத் தேய்த்துவிட்டேனே என்று பெரியம்மாவின் முகம் செத்துப்போயிற்று. துணியால் ஒற்றி ஒற்றிப் பார்த்தார். அது மாறவில்லை.

பெரியப்பா வந்தார். கும்பத்துக்கு முன்னால் கிற்றார் என் கணக்குப் புத்தகத்தோடு சாய்ந்திருந்ததைக் கண்டார். ரை கழுத்திலேயே கிடந்தது.

"என்ன செய்தனீர்?" என்றார்.

"சரஸ்வதிக்கு முன்னால வைக்கச் சொன்னது நீங்கள். ஊத்தையோட எப்பிடி வைக்கிறது?" என்றார் பெரியம்மா.

பெரியப்பா ஏசவில்லை. ஏசியிருக்கலாம் என்று எனக்கே பட்டது. நாளைக்கு அவ வாறா என்று மட்டும் சொல்லிவிட்டுக் கராஜுக்குள் போய்விட்டார். அன்று அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பெரியம்மா சமைத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது.

மறுநாள் அவல், கடலையெல்லாம் படைத்துப் பூசை முடிந்த பின்பு பண்ணை அன்ரி வந்தார். ஒல்லியான, வெயிலில் காய்ந்த மனுசி. கையில் எலுமிச்சம்பழப் பை. பெரியப்பா வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தன் வீட்டில் ஒரு பிழை நடந்துவிட்டது, மினுக்கக் கூடாததை மினுக்கிவிட்டோம், வருத்தப்படுகிறேன் என்றார். தன் வீட்டில் என்றாரே தவிர மனைவி என்று சொல்லவில்லை. பெரியம்மா எனக்குப் பின்னால் நின்றார். அவருடைய கை என் தோளில் இருந்தது.

அன்ரி கும்பத்தையும் விளக்கையும் பார்த்தார். கிற்றாரைப் பார்த்தார். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். அதைத் தொடலாமா என்று கடைசியில் பெரியப்பாவிடம் கேட்டார். பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். நாளைக் காலைவரை தொடக்கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பெரியம்மாதான் போனார். கும்பிட்டுவிட்டு, என் கணக்குப் புத்தகத்தைத் தள்ளி வைத்து, கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்து, கதிரையில் இருந்த அன்ரியின் மடியில் வைத்தார். சரஸ்வதி எங்கள் எல்லோரையும் கோபிக்கப் போகிறா என்று நான் பயந்தேன்.

அன்ரி தன் வலது சட்டைக்கையை மடித்துவிட்டார். முழங்கைக்குக் கீழே உள்ள கையை அந்த மஞ்சள் பட்டையின்மேல் வைத்தார். அது அப்படியே பொருந்தியது. ஆனால் அவருடைய கை சிறியது, பட்டை இரண்டு பக்கமும் அகலமாகத் தெரிந்தது.

அவருக்குப் பெரிய கை என்று அன்ரி ஆங்கிலத்தில் சொன்னார். எங்களுக்குச் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா தெரியாது. அத்தனை வருடமும் பக்கத்தில் இருந்து கேட்டேன், அவருடைய கைத்தடம் இதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது என்றார்.

அப்போதுதான் பெரியம்மா மூச்சு விட்டார். பூச்சு அவர் தேய்த்துப் போனதில்லை. வாசித்த மனிதரின் கை கிடந்து கிடந்து நிக்கல் தேய்ந்து, கீழே இருந்த பித்தளை வெளியே வந்திருக்கிறது. அழுக்கு அதை மூடி வைத்திருந்தது. பழப்புளி அதைத் திறந்துவிட்டது. நான் அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எலும்பில்லாமல், சதையில்லாமல், ஒரு ஆளின் கை அந்தக் கிற்றாரை அணைத்துக்கொண்டு இருந்தது.

பிறகு அன்ரி வாசிக்கச் சொன்னார். பெரியப்பா எப்போதும் போல நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கவில்லை. மடியில் மல்லாக்கக் கிடத்தி, தன் கை அந்தப் பட்டையில் முட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தார். கம்பியில் போத்தல் துண்டு வழுக்கிய முதல் இழுப்பிலேயே விளக்குச் சுடர் நடுங்கியது மாதிரி எனக்குத் தோன்றியது. அவர் அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ நாள் வாசித்துக் கேட்டிருக்கிறேன். அன்று போல ஒருநாளும் இல்லை. ஒரு கம்பி எதையோ கேட்டது, இன்னொன்று பொறு பொறு என்று ஆறுதல் சொன்னது. முடிந்ததும் அன்ரி கண்ணைத் துடைத்தார்.

எனக்குள் ஒரே துள்ளல். வென்றாயிற்று, கிற்றார் எங்களுடையது! அன்ரியும் அதைத்தான் சொல்ல வந்தார். நான் வாக்குக் கொடுத்தேன் என்று தொடங்கினார். ஆனால் பெரியப்பா அதற்குள் எழும்பிப் போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து, கிற்றாரை உள்ளே வைத்து, கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார். இது உங்களோடு இருக்கட்டும் என்று சொல்லிக் காருக்கும் அவரே தூக்கிக்கொண்டு போனார். முன் ஆசனத்தில் இருத்தி, பெல்ட்டையும் போட்டுவிட்டார். அன்ரி போகும்போது பெரியம்மாவைக் கட்டிப்பிடித்து, நெடுநேரம் விடவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெரியம்மா மினுக்காமல் விட்டிருந்தால் கிற்றார் எங்களோடு நின்றிருக்கும் என்று சொல்லி, சோபாவில் குப்புறக் கிடந்து அழுதேன். பெரியப்பா அழவில்லை. நல்லாப் பசிக்குது என்று சொல்லிப் படைத்த கடலையை வாங்கி, குசினிக் கதிரையில் இருந்து பெரியம்மாவோடு கதைத்துக் கதைத்துச் சாப்பிட்டார். விசர் மனுசர் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாற்றம் நடந்தது. அதுவரை கராஜுக்குள் தூசி தட்டக்கூட வராத பெரியம்மா, வெள்ளிக்கிழமைகளில் ஒரு காய்ந்த துணியோடு வந்து அந்த நாலு தகரங்களையும் துடைக்கத் தொடங்கினார். ஒருநாள் நானும் பக்கத்தில் நின்றேன். பெரியப்பா நெடுக வாசிக்கிற இரும்புக் கிற்றாரில், வலது கை கிடக்கிற இடம் மங்கி, வியர்வைக் கறை பிடித்திருந்தது. பெரியம்மா அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். அந்த இடத்தில் மட்டும் துணி படவில்லை.

"பெரியம்மா, இதில விட்டிட்டீங்கள்."

"ஓம் பிள்ளை, தெரியும்."

நான் துணியை வாங்கித் துடைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா அப்போது ஒரு வருத்தமும் நோயும் இல்லாமல், முற்றத்தில் விசிலடித்தபடி புல்லு வெட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மாவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, சொல்ல வெட்கப்படுகிறா என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.