குருவம்மாவின் பொட்டு

போன வாரம் என் புத்தகத்தின் புரூஃப் சிவகாசி அச்சகத்திலிருந்து வந்தது. பிரித்துப் பார்த்தேன். வந்த கோபத்தில் சாப்பிடக்கூட இல்லை, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்!

விருதுநகர் மிளகாய் மண்டி, வைப்பாற்று மணல், அச்சங்குளம் வெடி ஆபீஸ் (பட்டாசு ஆலை) என்று போன இடத்திலேயே உட்கார்ந்து நான் வரைந்த படங்கள்தான் புத்தகம். அதில் ஒரு பக்கம் குருவம்மா. வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவர். கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். வெறும் நெற்றியோடு குனிந்து வேலை செய்தார், அப்படியே வரைந்திருந்தேன்.

புரூஃபில்... நெற்றியில் பொட்டு, தலை நிறையப் பூ!

அச்சகத்தில் படங்களைப் பார்த்து அச்சுக்கல்லில் திரும்ப எழுதுகிறவர் சங்கரலிங்கம். காலண்டருக்கு லட்சுமியும் சரஸ்வதியும் எழுதியே பழகிய கை.

“என்னய்யா இது?” என்று கத்தினேன்.

“மொகம் மூளியா இருந்துச்சு அண்ணாச்சி. பொம்பள படம்னா கை தன்னால பொட்டு வச்சிருது,” என்றார் சாவகாசமாக.

மூளி! அந்தச் சொல்லை அந்த அம்மா எத்தனை கல்யாண வீட்டில் கேட்டிருப்பார்? ‘அச்சுக்கு முன்னால் காட்டுகிறேன்’ என்று அவருக்கு வாக்கு வேறு கொடுத்திருந்தேன். புரூஃபோடு அச்சங்குளம் போனேன்.

“தப்பு நடந்துபோச்சும்மா. அழிக்கச் சொல்லிடுறேன்,” என்று நீட்டினேன்.

குருவம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“பூவ எடுத்துருங்க அண்ணாச்சி. அவுக ஒருநாளும் வாங்கியாந்ததில்ல,” என்று சிரித்தார். “பொட்டு இருக்கட்டும்.”

“ஊர்ல பேச மாட்டாகளா?”

“இப்ப மட்டும் பேசாமலா இருக்காக? அவுக இருக்கையில ஒரு போட்டோ எடுத்துக்கிடல. எம் மகளுக்கு இந்த வெறும் நெத்தி மட்டும்தான் தெரியும். நான் எப்படி இருந்தேன்னு அவ பாக்க வேண்டாமா?”

உள்ளதை உள்ளபடி வரைகிறேன் என்று எத்தனை மேடையில் பீற்றிக்கொண்டிருக்கிறேன்! நான் போய் உட்கார்ந்த ஒரு மத்தியானத்தில் பார்த்ததுதான் ஒரு மனுஷியின் முகமா? அதற்கு முன்னால் அவர் சிரித்த, சிங்காரித்த நாளெல்லாம் கணக்கில் வராதா? இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

“கொஞ்சம் பெருசா வைக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. நான் அப்படித்தான் வைப்பேன்.”

பெரிதாகவே வைக்கச் சொல்லிவிட்டேன். புத்தகத்தைப் பார்த்து ‘தாலியறுத்தவளுக்குப் பொட்டா?’ என்று யாராவது கேட்டால் சங்கரலிங்கத்தைத் திட்டாதீர்கள், என்னையும் திட்டாதீர்கள் — அந்தப் பொட்டு, குருவம்மா வைத்துக்கொண்டது.