மாமியின் இடது பக்கம்

பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரை மட்டும் படித்தவன் நான். நாலு பேர் முன் பேசவே கூச்சப்படுகிறவன் எழுத வந்ததை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். புலம்பெயர்ந்து வந்து இருக்கிற எங்கள் நோபல் பார்க் வீட்டுக் குசினிக் கதவின் பின்னால் அகலமான துணிப் பெல்ட் ஒன்று தொங்குகிறது. இரண்டு பக்கமும் கைபிடி வைத்தது. அதைப் பார்த்துத்தான் எழுதத் தோன்றியது.

2011இல் மனைவியின் அம்மாவுக்கு, அதாவது என் மாமிக்கு, மெல்லிய பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியால் வந்தபின் கால்களை அகட்டி வைத்து, இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடந்தார். வாசல் தபால்பெட்டிக்குப் போவதற்குள் மூச்சு வாங்கும். காலையில் மனைவி வேலைக்குப் போய்விடுவாள். மதியம் நான் போனால், அவள் திரும்பும் வரை மூன்று மணித்தியாலம் மாமி தனியே இருக்க வேண்டும். ஆறு கிழமைக்குள் தெருமுனை வரை போய்த் திரும்ப முடியாவிட்டால் முதியோர் இல்லத்தில்தான் இடம் பார்க்க வேண்டும் என்று நடைப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பிசியோ பெண் சொல்லிவிட்டாள். மாமி அன்று சாப்பிடவில்லை.

காலையில் நடத்திக் கூட்டிப்போக நான்தான் இருந்தேன். மாமியோ எனக்கு முன்னால் கதிரையில் இருக்கமாட்டார். என்னோடு நேரே பேசியதும் இல்லை. எதுவும் மகள் மூலம்தான் வரும். மகள் இல்லாத நேரம் சுவரைப் பார்த்துச் சொல்லுவார். நானும் மரியாதைக்காக இரண்டு அடி பின்னால் நடந்தேன். முதல் கிழமை முழுவதும் தபால்பெட்டியைத் தாண்டவில்லை. அதைப் பார்த்த பிசியோ பெண் மாமிக்குப் பெல்ட்டைக் கட்டி, என்னை அவரின் இடது பக்கத்தில் நிறுத்திக் கைபிடியைத் தந்தாள். தூக்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம், பக்கத்துக்குச் சரியாமல் மட்டும் பார்த்துக்கொள். விழாமல் இருப்பதற்கே இவருடைய பலமெல்லாம் போகிறது என்றாள். எனக்கு வியர்த்துவிட்டது. மாமி மதிலிடம், "மாட்டைப் பிடிக்கிற மாதிரி மருமோனைக் கொண்டு பிடிப்பிக்கினம்," என்றார்.

இரண்டு விரலால்தான் பிடித்தேன். பெல்ட் பெரும்பாலும் தளர்ந்தே கிடந்தது. ஆனாலும் மாமியின் அடிகள் ஒடுங்கின; மூச்சு வாங்குவதும் குறைந்தது. மூன்றாம் கிழமை நாலு வீடு தாண்டினோம். அன்று எதிரே வந்த, எங்களைத் தெரிந்த அங்கிள் ஒருவர், "என்ன தம்பி, மாமியைக் கட்டி எங்கை கொண்டுபோறீர்?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமி பக்கத்து வேலியைப் பார்த்து, "நான் ஓடிப்போயிடுவன் எண்டு பயமாம்," என்றார்.

ஆறாம் கிழமையின் கடைசி நாள், சோதித்துப் பார்க்க வந்த பிசியோ பெண் பெல்ட்டைக் கழற்றி, என்னை வாசலில் நிற்கச் சொன்னாள். மாமி தெருமுனை வரை போய்விட்டார். திரும்பும்போது கால்கள் மறுபடி அகன்றன. பாதி வழியில் நின்று, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, பக்கத்திலை வாங்கோ. பிடிக்க வேண்டாம்."

பிசியோ பெண் சரியென்று தலையாட்டினாள். போய் இடது பக்கம் நடந்தேன். இருவருக்கும் இடையில் ஒரு சாண் இருந்திருக்கும். அப்படியே தபால்பெட்டி வரை வந்தோம். அவள் தாளில் ஏதோ குறித்துவிட்டு, மாமி வீட்டிலேயே இருக்கலாம் என்றாள்.

மாமி இப்போது இல்லை. பெல்ட்டில் இடது கைபிடி மட்டும் அழுக்கேறியிருக்கிறது.

அந்தச் சோதனைக்கு மறுநாள் காலை, மகள் வேலைக்கு வெளிக்கிட முன், மாமி அவளைக் கூப்பிட்டு, "அவருக்கு வைச்ச தேத்தண்ணி ஆறுது, சொல்லு," என்றார்.