ஒன்பது பேருக்கு ஒரே கையெழுத்து

போன வாரம் என் மகள் குடை வாங்கித் தருகிறேன் என்று ஒரு பெரிய கடைக்கு அழைத்துப் போனாள். மூன்றாக மடங்கிக் கைப்பைக்குள் அடங்கிவிடும் குடை. பொத்தானை அமுக்கினால் படாரென்று தானே விரிகிறது. கடையில் நின்ற பெண் அதன் அருமை பெருமைகளை அடுக்கிக்கொண்டிருக்க, நான் விரித்த குடைக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தேன். அடுத்ததையும் மோந்தேன். நாலாவது குடைக்குப் போனபோது மகள் என் முழங்கையைப் பிடித்து, "அம்மா, இது பலாப்பழக் கடையில்ல. எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள். பார்க்கட்டும். நாலு குடையில் ஒன்றுக்காவது வாசனை இருக்க வேண்டாமா?

புதுக் குடைத்துணிக்கு அந்தக் காலத்தில் ஒரு வாசனை உண்டு. கஞ்சியும் கறுப்புச் சாயமும் கம்பியில் தடவிய எண்ணெயும் சேர்ந்து மூக்கில் ஏறும். நல்ல வாசனை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இருபது வயதில் நான் அதற்குள்தான் வாழ்ந்தேன். திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவில் ஒரு குடைக்கடையில் எனக்கு வேலை. சாயங்காலம் நான் கரமனை பஸ்ஸில் ஏறினால், பக்கத்தில் இருப்பவர்கள் மழை வருகிறதா என்று வெளியே எட்டிப் பார்ப்பார்கள் என்று அப்பா கேலி செய்வார். செம்பருத்தி இலைத் தாளியை எவ்வளவு குழைத்துத் தேய்த்தாலும் தலையை விட்டு அது போகாது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டோ ஐம்பத்துமூன்றோ, சரியாக நினைவில்லை. கடையின் கீழே விற்பனையும் தையலும். மச்சில் துணி வெட்டுவார்கள். ஒன்பது பேர் வேலை செய்தார்கள், நான் பத்தாவது. முதலாளி முப்பது வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். மலையாளம் பேசுவார், அதாவது தமிழையே கொஞ்சம் மூக்கால் பேசுவார். மலையாள எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தன் கடைப் பெயர்ப்பலகை நேராகத்தான் மாட்டியிருக்கிறதா என்பதையே அடுத்த கடைக்காரரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். மதுரைக்கும் மதராசுக்கும் கம்பி கேட்டு, துணி கேட்டுத் தமிழில் கடிதம் எழுதுவது என் வேலை. எட்டாம் வகுப்பு வரைக்கும் நாகர்கோவிலில் படித்ததால் கிடைத்தது.

அந்த நாகர்கோவிலில்தான் எனக்கு ஒரு மாப்பிள்ளையும் தயாராக இருந்தார். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். அவர் வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதை அவர் வீட்டார் பெருமையாகச் சொன்னார்கள். நானோ அப்பளம் உடைந்தால்கூடச் சிரிப்பவள். அப்பாவிடம் அழுது புரண்டு ஒரு வாக்கு வாங்கியிருந்தேன். மழைக்காலத்துக்குள் வேலை நிரந்தரமானால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போடலாம். ஆகாவிட்டால் ஆவணியில் தாலி. ஆகவே குடைக்கடை எனக்குப் பிழைப்பு மட்டுமல்ல, தப்பிக்கும் வழியும் அதுதான்.

முதலாளிக்கு வேறு கவலை. ஒவ்வொரு வருஷமும் மழை முந்திக்கொள்ளும், அவருடைய குடைகள் பிந்திக்கொள்ளும். வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழையில் ஊரே நனைந்து முடிந்த பிறகுதான் கடையில் சரக்கு நிறையும். வேலையைத் துரிதப்படுத்த அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. தைக்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று தொண்டையைச் செருமுவார். ஒருவர் பின்னால் கால் மணி நேரம், அடுத்தவர் பின்னால் கால் மணி நேரம். கோயிலில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி நாள் முழுக்க ஒரு சுற்று.

அப்படி இருந்தவர் ஏதோ ஒரு பத்திரிகையில், சீமையில் தொழிலாளிகளிடமே யோசனை கேட்டு உற்பத்தியைப் பெருக்குகிறார்கள் என்று படித்துவிட்டார். மறுநாளே ஆசாரியை வைத்து ஒரு பெட்டி செய்து, பூட்டுப் போட்டு, பிள்ளையார் படத்துக்குக் கீழே மாட்டினார்.

"வேலை கூட என்ன செய்யணுமோ எழுதிப் போடுங்க. பேர் வேண்டாம். தமிழ்ல எழுதுங்க, நானே படிக்கணும். யார் எழுதுனதுன்னு கேக்க மாட்டேன். பிள்ளையார் சத்தியம்" என்றார்.

இரண்டு நாள் பெட்டி காலியாகவே தொங்கியது. மூன்றாம் நாள் மத்தியானம், தையலில் மூத்தவளான பகவதி அக்கா என் மேசைக்கு வந்து குனிந்தாள். "மோளே, எனக்கு ஒண்ணு எழுதித் தா. நான் படிச்சதெல்லாம் மலையாளமாக்கும்." அப்புறம் மச்சில் துணி வெட்டும் தாணு அண்ணன் வந்தார். அப்புறம் ஒவ்வொருவராக மீதி ஏழு பேரும். அப்போதுதான் எனக்கே உறைத்தது. பிறந்ததிலிருந்து தமிழில் பேசி, தமிழில் சண்டை போட்டு, தமிழில் திட்டித் தீர்க்கும் இந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் தமிழ் எழுதத் தெரியாது. திருவனந்தபுரத்துப் பள்ளிக்கூடத்தில் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

யாருடையது என்று சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து எழுதினேன். என் கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள். பகவதி அக்காவுக்கு உருண்டை எழுத்து. தாணு அண்ணனுக்குச் சாய்ந்த எழுத்து. ஒருவருக்கு எறும்பளவு, ஒருவருக்கு இடது கையால். ஒன்பது பேருக்கும் ஒன்பது கையெழுத்து! முடித்துவிட்டு அன்று நான் கரமனைக்கு மிதந்துகொண்டுதான் போனேன்.

சனிக்கிழமை முதலாளி பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு துணிக்கட்டுக்கு ஒரு தடவை மச்சுப்படி ஏறி இறங்கியே பொழுது போகிறது, மச்சிலிருந்து கூடையில் கயிறு கட்டி இறக்கினால் என்ன என்று ஒன்று. தையல் மிஷினை ஜன்னலோரம் போட வேண்டும் என்று ஒன்று. பதினொரு மணிச் சாயாவோடு பருப்புவடையும் வந்தால் கை தானாக ஓடும் என்று மூன்று. கடைசியாக உருண்டை எழுத்தில்: "முதலாளி பின்னால் வந்து நின்றால் தையல் கோணுகிறது. அவர் நிற்பது குறைந்தால் குடை கூடும்."

முதலாளியின் முகம் சிவந்தது. என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"யாருன்னு கேக்க மாட்டேன், சத்தியம் பண்ணிருக்கேன். ஆனா எனக்குக் கண்ணு இருக்குல்லா? தினமும் பாக்குத எழுத்து. சாய்ச்சு எழுதுனா தெரியாதா, உருட்டி எழுதுனா தெரியாதா? ஒரே ஆளுக்கு ஒம்பது யோசனை!"

நான் மை பட்ட விரல்களை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். வாய் திறந்தால் கொடுத்த வாக்கு போச்சு.

"சரி, அவ்வளவு தெரிஞ்ச ஆளு ஒரு வாரம் கடையை நடத்திக் காட்டட்டும். நான் உள்ள வரல. வழக்கமா வாரத்துக்கு முப்பது டஜன். அதுக்கு மேல போனா உன் வேலை நிரந்தரம். குறைஞ்சா வீட்டுல இருந்துக்க."

திங்கட்கிழமை மிஷின் ஜன்னலுக்குப் போனது. வடை வந்தது. முதலாளி வரவில்லை, ஆனால் எதிர்ச் சாயாக்கடையில் ஒரு குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்திரை வெயிலில் கூரைக்குக் கீழே குடை பிடித்த ஒரே மனிதர். குடைக்குக் கீழே அவர் செருப்பைப் பார்த்துப் பார்த்து இங்கே எல்லாருக்கும் சிரிப்பு. தாணு அண்ணன் மச்சிலிருந்து அவரைப்போலவே செருமிக் காட்டுவார். தைத்துக்கொண்டிருந்தவர்கள் மிஷின்மேல் கவிழ்ந்து சிரிப்பார்கள். நானும்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சாயங்காலம் எண்ணினால் மூன்றரை டஜன். செவ்வாய்க்கிழமை மூன்று.

செவ்வாய் மாலை நான் சிரிக்கவில்லை. கடிதக்கட்டுக்குமேல் தலையை வைத்து அழுதேன். பகவதி அக்கா வந்து உலுக்கிய உலுக்கலில் நாகர்கோவில் மாப்பிள்ளை உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"சிரிக்கவே மாட்டானா?"

"மாட்டாராம் அக்கா."

"அத மொதல்லயே சொல்லப்பிடாதா மோளே!" என்று அவள் எல்லாரையும் திரும்பிப் பார்த்தாள்.

புதன்கிழமை காலையில் தாணு அண்ணன் தன் வீட்டுக் கிணற்றுக் கப்பியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அவர் மனைவி வெறுங்கயிற்றில் தண்ணீர் இறைத்தாள், பாவம். மச்சில் ஒரு பலகையைப் பெயர்த்து, கப்பியில் கயிற்றைப் போட்டு, ஓலைக் கூடையைக் கட்டினார்கள். துணிக்கட்டு இறங்கும், வடை ஏறும். படியேறுவது நின்றது. தைக்கிறவர்கள் எழுந்திருக்கவே வேண்டாம். அன்றைக்கு ஐந்து டஜன். அதற்குப் பிறகு கூடையை நிறுத்த முடியவில்லை. "துணி இறக்கு", "கட்டு வருது, தலை பாத்துக்கோ" என்று ஒரே கூப்பாடு, திருவிழாதான். வியாழன் ஏழு, வெள்ளி ஏழு, சனியும் ஏழு. எதிரே குடை மெதுவாகச் சாய்ந்து சாய்ந்து, வெள்ளிக்கிழமை முகம் முழுக்கவே வெளியே தெரிந்தது.

சனி மாலை முதலாளி வந்து எண்ணினார். முப்பத்திரண்டரை டஜன். இரண்டாம் தடவையும் எண்ணினார்.

"கெட்டிக்காரி. உன் வேலை நிரந்தரம். எல்லா யோசனையும் உன்னுதுதானே?"

தலையை ஆட்டினால் போதும், நான் தப்பித்தேன். கூடைக் கயிற்றை இன்னும் கையில் பிடித்தபடி தாணு அண்ணன் மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே எப்படித் தலையாட்டுவது?

"எழுதினது நான் முதலாளி. ஆனா ஒண்ணுகூட என் யோசனையில்ல. யாரோடதுன்னு சொல்ல மாட்டேன்."

"அவங்க ஏன் எழுதல?"

மேலிருந்து தாணு அண்ணனின் குரல் வந்தது. "பேசத்தான் அறியும் முதலாளி. எழுத அறியாது. கூடை நான் சொன்னதாக்கும்."

முதலாளி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். முப்பது வருஷம் தமிழிலேயே வேலை வாங்கிய மனிதருக்கு இது புதுச் செய்தி. அப்போது பகவதி அக்கா எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "பொறத்தால வந்து நிக்கது கொள்ளாதுன்னு சொன்னது நான்."

முதலாளி நேராகப் போய்ப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு சீட்டு இருந்தது. "வாசி" என்று என்னிடம் நீட்டிவிட்டு உத்தரத்தைப் பார்த்தார். பென்சிலில் பெரிய பெரிய எழுத்து. என் கடிதங்களைத் திருத்தித் தரும் முதலாளியின் எழுத்து; கடை பூட்டிய பிறகு வந்து போட்டிருக்க வேண்டும்.

நான் உரக்கப் படித்தேன். "நானும் குடை தைக்கத்தான் இந்த ஊருக்கு வந்தேன். பார்த்துக்கொண்டு நிற்கும்போது கை பரபரக்கிறது. எனக்கும் ஒரு மிஷின் போட்டால் யார் பின்னாலும் நிற்க மாட்டேன்."

பகவதி அக்காதான் முதலில் களுக்கென்றாள். பிறகு ஒன்பது பேரும் சிரித்த சிரிப்பில் முதலாளியும் சேர்ந்துகொண்டார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. திங்கட்கிழமை அவருக்கும் ஒரு மிஷின் போட்டோம். கடையிலேயே மெதுவான தையல் அவருடையதுதான். மற்றவர்கள் நாலு குடை முடிக்கும் நேரத்தில் ஒன்று முடிப்பார், அதிலும் ஒரு பக்கம் இழுக்கும். பதினொரு மணிச் சாயாவுக்கு முன்னால் பகவதி அக்கா எழுந்து போய் அவர் பின்னால் நின்றுகொண்டு, நன்றாகத் தொண்டையைச் செருமினாள்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் எங்கள் குடைகள் தயாராகிவிட்டன. சிரிக்காத மாப்பிள்ளை வேறு யாரையோ கட்டிக்கொண்டு, நலமாக இருந்ததாகக் கேள்வி. நான் எனக்குப் பிடித்த ஒருவரை எனக்குப் பிடித்த நேரத்தில் கட்டிக்கொண்டேன். கடை இருந்த இடத்தில் இப்போது பாத்திரம் விற்கிறார்கள். முதலாளி, பகவதி அக்கா, தாணு அண்ணன் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களை நினைத்தால் இன்றைக்கும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது, அழுகை அப்புறம்தான்.

சென்ற மாதம் வங்கியில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். "இது பொருந்தல்லையே அம்மச்சி" என்று இன்னொரு தடவை போடச் சொன்னாள். மூன்று தடவை போட்டேன். கை நடுங்குகிறது, மூன்றும் மூன்று விதமாக வந்தன. நானேதான் என்று நிரூபிக்கக் கடைசியில் மை தடவிக் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். இடது கையால் எழுதினாலும் இது நான்தான் என்று கண்டுபிடிக்கிற ஆள் இந்த ஊரில் இப்போது யாரும் இல்லை.