பிரெஞ்சுக் கப்பலுக்கு இரண்டு விசாரணை

சண்டை தொடங்கிய வருஷம் ஜெர்மன் கப்பல் ஒன்று வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்துவிட்டுப் போயிற்று. அதன் பிறகு ராயபுரத்தில் யாரும் கடலை நிம்மதியாகப் பார்க்கவில்லை. நான் அப்போது சரக்குப் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு பெரம்பூர் ரயில் பட்டறையில் கரி சுமந்தேன். அதற்கும் முன்பு எண்ணூர்ப் பக்கம் உப்பளம். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது.

எங்கள் படகின் தண்டல் கல்மண்டபத்துக்காரர். சுக்கான் பிடிப்பதும் எங்களை ஏவுவதும் அவர் வேலை. ஒரு தூறல் நாளில் பிரெஞ்சுக்காரர் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தது. சண்டையில் அவர்கள் நம் சர்க்காருக்குக் கூட்டாளிகள். மூட்டைகளை இறக்கிப் படகு நிறைந்ததும், தண்டல் எழுந்து நின்று முண்டாசை அவிழ்த்துக் கரையைப் பார்த்து வீசினார். காலிப் படகை அனுப்பு என்று அர்த்தம். தினமும் செய்வதுதான். நாங்கள் பாதி தூரம் வருவதற்குள் கரையில் நம் ராணுவத்தார் வைத்திருந்த பீரங்கி வெடித்தது. முதல் குண்டு தண்ணீரில் விழுந்தது. அடுத்தது கப்பலின் பின்பக்கத்தைப் பிளந்தது. சமையற்கட்டில் இருந்தவர்கள் செத்துப்போனார்கள்.

மறுநாள் தண்டலைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. எதிரிக் கப்பல் என்று படகுக்காரன் துணி வீசிச் சைகை காட்டினான், அதனால்தான் சுட்டோம் என்று பீரங்கிக்காரர்கள் சொன்னார்களாம். தூக்கு, இல்லாவிட்டால் அந்தமான் என்று கரையில் பேசிக்கொண்டார்கள்.

அவர் மனைவி மீன் விற்பவள். கூடையை இறக்காமலே என்னை நிறுத்திக் கேட்டாள்.

“சாச்சி சொல்லக் கூப்ட்டா இன்னாடா சொல்லுவே?”

“நடந்தத்தான்க்கா. காலிப் படகு கேட்டு வீசினாருன்னு.”

“அதுக்கு மேல ஒரு வார்த்தை உளறினே, வாயக் கிழிச்சிடுவேன். எங்கியும் ஓடிப்பூடாத. உன் காலு ஒரு எடத்துல நிக்காதுன்னு ஊருக்கே தெரியும்.”

ஓடலாம் என்றுதான் இருந்தேன். நின்றேன்.

முதலில் ராணுவத்து அதிகாரிகள் விசாரித்தார்கள். கப்பலில் கொடி பறந்ததா என்று கேட்டார்கள். மழையில் நனைந்து கம்பத்தில் சுற்றிக்கொண்டு கிடந்தது என்றேன். மொழிபெயர்த்தவருக்குக் கோபம் வந்தது.

“கொடி கீதா, இல்லியா? ஒண்ணு சொல்லு.”

“கீது சார். ஆனா சுத்திக்கினு கீது.”

முண்டாசைப் பற்றி நானாகவேதான் சொன்னேன். அப்போது எழுதுகிறவரின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஓடியதா நின்றதா என்று சரியாகத் தெரியவில்லை.

பிறகு பிரெஞ்சுக்காரர்கள் தனியாக விசாரித்தார்கள். அங்கேயும் அதே கேள்வி, அதே பதில். கடைசியில் கப்பலில் கொடி காட்டவில்லை, தப்பு கப்பல்காரன்மேல் என்று ராணுவத்தார் முடிவு கட்டினார்கள். கொடி இருந்தது, தப்பு பீரங்கிக்காரன்மேல் என்று பிரெஞ்சுக்காரர்கள் முடிவு கட்டினார்கள். இரண்டிலும் தண்டல் பேச்சே இல்லையாம். ஒரு காலையில் அவரைக் காரணம் சொல்லாமல் வெளியே விட்டார்கள்.

நானும் அவர் மனைவியும் போய் அழைத்துவந்தோம். தாடியும் மீசையுமாக இருந்தார். தெருமுனை தாண்டியதும் கேட்டார்.

“நீ இன்னாடா சொன்னே?”

“காலிப் படகுக்கு முண்டாசு வீசினீங்கன்னு.”

அப்படியே நின்றுவிட்டார். “அடப்பாவி! நான் வீசவே இல்லன்னு ரெண்டு எடத்துலயும் சத்தியம் பண்ணிட்டு வந்துகிறேன்டா. லாக்கப்புல கான்ஸ்டபிள் அப்டித்தான் சொல்லச் சொன்னான்.”

“போச்சு. இது பெரிய பேஜாராச்சே” என்றாள் அவள்.

இரண்டு முடிவும் ஒத்துப்போகாததால் மூன்றாவதாக ஒரு விசாரணை வரும் என்று துறைமுகத்தில் பேச்சு அடிபட்டது. வந்தால் நான் அவர் வார்த்தைக்கு மாறுவதா, அவர் என் வார்த்தைக்கு மாறுவதா என்று கூடிக்கூடிப் பேசினோம். யார் மாறினாலும் பழைய காகிதம் அவனைப் பொய்யன் ஆக்கும். எங்கள் இரண்டு பேச்சையும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லையா, பார்த்துவிட்டு எடுத்து வைத்திருக்கிறார்களா என்பதும் தெரியவில்லை. நான் ஊரைவிட்டுப் போனால் அதையே குற்றமாக்குவார்கள் என்று போகாமல் இருந்தேன்.

அந்த விசாரணை நான் இருந்தவரை வரவில்லை. ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் தண்டல் வீட்டு வாசலில் வந்து நின்றார். நானும் உள்ளேதான் இருந்தேன்.

“வஞ்சிரம் கீதா?” என்று கேட்டார்.

“நான் ஒண்ணும் வீசல சார்” என்றார் தண்டல்.