கியூ இல்லாத செட்

லொறிகள் டீசலில் ஓடுகின்றன என்று நினைப்பவர்கள் எங்கள் கந்தோருக்கு ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். பாதித் தூரம் அவை சந்தேகத்தில்தான் ஓடுகின்றன. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு சரக்கு லொறிக் கம்பனியில் எனக்கு வேலை. எந்த லொறி எந்தப் பெற்றோல் செட்டில் நின்று எண்ணெய் அடிக்க வேண்டும் என்று பிளான் போட்டு, சாரதியின் போனுக்கு அனுப்பிவிட்டு, அவர் அங்கேதான் நிற்கிறாரா என்று திரையில் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குச் சைக்கிள்கூட ஓடத் தெரியாது. அடுத்தவர் ஓடுவதற்குப் பிளான் போட்டுக் கொடுத்து வயிறு வளர்க்கும் அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் விளங்கும்.

விதி ஒன்றுதான். கொழும்பிலிருந்து கால் டாங்கி டீசலோடு புறப்பட்டு, கம்பனிக்குக் கணக்கு இருக்கும் வெளியூர்ச் செட்டில் நிரப்ப வேண்டும். இரவில் கம்பனி யாட்டில் முழு டாங்கியோடு நிற்கும் லொறியில் டீசல் தானாக ஆவியாகிவிடும் என்பது எங்கள் மனேஜரின் அனுபவம். வேறு செட்டில் அடித்தாலும் கம்பனியின் எண்ணெய்க் காட் வேலை செய்யும். மனேஜரின் பொறுமைதான் வேலை செய்யாது. போன வருடம் புதிதாக இரண்டு சாரதிகள் சேர்ந்தார்கள். மூன்று மாதம் ஓடவிட்டுப் பார்த்துத்தான் நிரந்தரம் என்று மனேஜர் இருவருக்கும் சொல்லிவிட்டார்.

நின்று நின்று போன புள்ளி

ஒருவர் ஜூட். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்து, பல வருடம் ஓட்டோ ஓடியவர். லொறி லைசன் எடுப்பதற்காக ஓட்டோவை விற்றுவிட்டார். இந்த வேலை கைவிட்டுப் போனால் திரும்பிப் போய் ஏறுவதற்கு அவருக்கு வேறு வண்டி இல்லை.

அவரின் முதல் பயணம் தம்புள்ளைக்கு. குருநாகலில் நிரப்பச் சொல்லியிருந்தேன். பச்சைப் புள்ளி கிரிபத்கொடையில் ஒரு செட்டில் நின்றது. நிட்டம்புவவில் நின்றது. வரக்காப்பொலையிலும் நின்றது. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக டீசல். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த மனேஜர், "களவா விக்கிறான் போல" என்றார். விற்கிறவன் டீசலை டாங்கியிலிருந்து எடுப்பானே தவிர, இப்படி அடித்துக்கொண்டே போவானா? ஏன் என்று கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. உடனே கோல் எடுத்தேன். ஜூட் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னார்: "செட்டில கியூ இல்லை மிஸ். கியூ இல்லாத செட்டை எப்பிடி மிஸ் விட்டுட்டுப் போறது?"

இடதுபக்கச் செட்

மற்றவர் ரூபன், யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் பாமன்கடைப் பக்கம் அறை எடுத்து இருந்தார். அவருக்குப் புத்தளம் போகும் வழியில் சிலாபத்தில் நிரப்பும்படி பிளான். புள்ளி சரியான இடத்தில்தான் நின்றது. ஆனால் நின்ற புள்ளி நின்றபடியே இருந்தது. நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன், மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துவிட்டு வந்தேன், புள்ளி அசையவில்லை. புத்தளத்துக் கடைக்காரர் பிஸ்கட் எங்கே என்று என்னைத்தான் ஏசினார்.

விசாரித்தால், பவுசர் வந்து நிலத்தடித் தாங்கிக்கு எண்ணெய் இறக்குவதால் செட்டில் பம்புகளை நிறுத்தி வைத்திருந்தார்களாம். றோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்த செட்டும் எங்கள் கம்பனிக் கணக்கு உள்ளதுதான். அங்கே போயிருக்கலாமே என்று கேட்டேன். ரூபன் மிகப் பணிவாகச் சொன்னார்: "நீங்கள் இடதுபக்கச் செட் எண்டுதானே மிஸ் எழுதினனீங்கள். உங்களைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரேல்லை."

முறிகண்டியில் பத்து நிமிடம்

யாழ்ப்பாணம் போகும் எங்கள் லொறி எதுவானாலும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். நானே அந்த வழியால் போனால் இறங்கிக் கும்பிட்டுக் கச்சான் கடலை வாங்காமல் வரமாட்டேன். அதனால் அதைப் பிளானில் எழுதுவதுமில்லை, ஏன் நின்றாய் என்று யாரையும் கேட்பதுமில்லை.

ஆனால் ஜூட்டின் புள்ளியும் அங்கே நின்றபோது எனக்கு மண்டை குடைந்தது. கழுத்தில் சிலுவை போட்டவர், ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதவர். தேங்காயும் உடைத்தாராம். திரும்பி வந்ததும் மெதுவாக விசாரித்தேன். அவர் இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல் என்னைப் பார்த்தார். "நான் வேதக்காரன்தான் மிஸ். ஆனா லொறி சைவம்தானே."

முன் சீட்

ஜூட்டின் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. நான் சொன்னால் "சரி மிஸ்" என்பார். அடுத்த பயணத்தில் புள்ளி மூன்று இடத்தில் நிற்கும். மனேஜர் கடைசியாக ஒரு முடிவுக்கு வந்தார். இன்னொரு தரம் தம்புள்ளை; பிளானில் இல்லாத செட்டில் ஒரு லீட்டர் அடித்தாலும் வேலை இல்லை. அதை ஜூட்டிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு. முகம் வெளிறிப் போனார். அந்தச் செட்டுகளின் வாசலில் இந்த மனிதருக்கு என்னதான் நடக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும் போலிருந்தது. மனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி முன் சீட்டில் நானும் ஏறிவிட்டேன்.

கடவத்தையில் முதல் செட் வெறிச்சோடிக் கிடந்தது. ஜூட்டின் கை சிக்னலுக்குப் போய்த் திரும்பி வந்தது. அடுத்த செட்டில் நெற்றி வியர்த்தது. "ஏதாவது கதையுங்கோ மிஸ்" என்றார். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்காரரின் தண்ணி மோட்டர் படுத்தும் பாட்டிலிருந்து டியூசன் வாத்தியார்மாரின் சண்டை வரைக்கும் கதைத்தேன். எல்லாக் கதையும் தீர்ந்ததும், நாடு முழுக்க எண்ணெய்க்கு நாள்கணக்கில் கியூவில் நின்ற அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கியூவில் ஓட்டோவுக்குள்ளேயே படுத்து எழும்பியதைச் சொன்னார். ஒருநாள் அம்மாவுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அம்மா பிழைத்துவிட்டார், இப்போதும் சுகமாக இருக்கிறார். ஆனால் அதைச் சொல்லும்போது ஜூட் றோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என்ட ஓட்டோ எண்ணெயில்லாம வாசல்லயே நிண்டது மிஸ். அம்மாவைப் பிளாஸ்டிக் கதிரையில வைச்சுத்தான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம்."

டீசல் இவரய்

ஒரு செட்டிலும் நிற்காமல் குருநாகல் வந்து சேர்ந்தோம். டாங்கி முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் எழுதிக்கொடுத்த செட்டில் பம்புகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். மாத முடிவில் விலை குறையப் போகிறது என்ற கதையில் செட்காரர் புது எண்ணெய் எடுக்கவில்லையாம். பம்புக்காரர் கையை விரித்து, சிங்களத்தில் "டீசல் இவரய், நோனா" என்றார். முடிந்துவிட்டது என்பதை அவர் இரண்டாம் தரம் சொல்லவேண்டியிருக்கவில்லை. தம்புள்ளை இன்னும் எவ்வளவோ தூரம்.

நாலு வளைவு தாண்டியதும் ஒரு சின்னச் செட். பம்பில் டீசல் ஓடிக்கொண்டிருந்தது, முன்னால் ஒரு வண்டியும் இல்லை. "ஜூட், அங்க கியூ இல்லை! நிப்பாட்டுங்கோ!" என்று நான் கத்தியேவிட்டேன். லொறி நின்றதுதான், ஆனால் செட்டுக்குள் திரும்பாமல் றோட்டோரமாக நின்றது. ஜூட் இரண்டு கையாலும் ஸ்டேரிங்கைப் பிடித்தபடி சொன்னார்: "மிஸ், இது பிளானில இல்லையே."

ஃபுல் டாங்க்

மனேஜருக்குக் கோல் எடுத்தேன். குருநாகலில் டீசல் முடிந்துவிட்டது என்றேன். சாரதிமார் எல்லாரும் சொல்லும் கதைதான் என்றார். "சாரதி ஒண்டும் சொல்லேல்லை சேர். அடிக்கச் சொல்லுறது நான். வீட்டை அனுப்புறதெண்டால் என்னை அனுப்புங்கோ" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பிறகு, எவ்வளவு அடிக்கப் போகிறோம் என்று கேட்டார். "ஃபுல் டாங்க்" என்றேன். பக்கத்தில் ஜூட் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு, விதியை மீறி, அவரின் லொறிக்கு மட்டும் கொழும்பிலேயே டாங்கியை நிரப்பி அனுப்பிப் பார்த்தேன். பச்சைப் புள்ளி தம்புள்ளை வரைக்கும் ஓரிடத்திலும் நிற்காமல் ஓடியது. மூன்று மாதம் முடிந்ததும் மனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பெடியளும் நிரந்தரம். உம்மைத்தான் பிள்ளை, இனி ஒரு மூண்டு மாசம் வைச்சுப் பாக்கோணும்."

ஜூட் இப்போது எந்தச் செட்டையும் திரும்பிப் பார்க்காமல் போகிறார். நான்தான் வெள்ளவத்தை பஸ்ஸின் முன் சீட்டில் இருந்துகொண்டு, கியூ இல்லாத ஒவ்வொரு செட்டிலும் சாரதியின் கை சிக்னலுக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டு வருகிறேன்.