எண்ணூறாவது ஆளும் என் மோர் பாட்டிலும்

போன வாரம் ஒரு பொண்ணோட வயித்து வலியைத் தீர்த்து வெச்சேங்க. அதுக்கு இன்னொரு பொண்ணு என்னைக் கடிச்சுத் துப்பிடுச்சு.

நல்லது செஞ்சா இப்படியா ஆகும்? எனக்கு ஆகும்.

நான் ஸ்ரீரங்கத்துல ஆட்டோ ஓட்டுற மணின்னு வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். புதுசா வந்தவங்களுக்குச் சொல்றேன்... எட்டாங்கிளாஸ்ல வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வெச்ச ஆளு நான். என் ஆட்டோவுல தினமும் காலையில பிராக்டிஸுக்குப் போற பொண்ணு ரஞ்சனி. டென்னிஸ் பிளேயர். உலக ரேங்க்கிங்ல எண்ணூத்துச் சொச்சம்.

"எண்ணூறா? அவ்ளோதானா?"ன்னு எங்க ஸ்டாண்டுல சிரிச்சாங்க. ஏங்க, எங்க ஸ்டாண்டுல மொத்தமே ஆறு ஆட்டோ. அதுல நான் ஆறாவது. நாங்க சிரிக்கலாமா?

எண்ணூறாவது ஆளோட பொழப்பு என்னன்னு தெரியுமா? டிவியில காட்ட மாட்டான். கோச்சு கூட வர மாட்டாரு. ராக்கெட் பையைத் தானே தூக்கணும், சாக்ஸைத் தானே தொவைக்கணும். ஜெயிச்சா நாளைக்கும் ரூம் வேணும், தோத்தா இன்னிக்கே காலி பண்ணணும்.

"ரிட்டர்ன் டிக்கெட் போடவே கை வராது அண்ணா. போட்டா, தோக்கறதுக்கு நாள் குறிச்ச மாதிரி இருக்கும்"னு ஒரு தடவை சொல்லுச்சு. அன்னிக்கு முழுக்க எனக்கு வண்டியே ஓடல.

இந்தத் தடவை நம்ம திருச்சியிலயே டோர்னமெண்ட். கொஞ்சம் பெரிசு. ரஞ்சனிக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல மொத இடம். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எல்லாரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். ஒரு ஆள் வரலைன்னா இது உள்ள. எல்லாரும் வந்துட்டா இது வெளிய.

வெளியன்னா சும்மா வெளிய இல்லீங்க. அவங்கப்பா ரங்கராஜன் சார் முடிவாச் சொல்லிட்டாரு. "இதுல ஆட முடியலேன்னா போறும்மா. டென்னிஸை விட்டுடு. மெட்ராஸ்ல அந்த ஆபீஸ் வேலையில போய்ச் சேர்ந்துடு." ரஞ்சனியும் தலையாட்டிடுச்சு.

எனக்கு மனசு கேக்கல. காலையிலயே பெருமாள்கிட்ட ரகசியமா ஒரு மனு போட்டேன். "யாருக்காவது லேசா... ரொம்ப வேணாம்... இன்னிக்கு ஒரு பொழுது மட்டும் வயித்தைக் கலக்கி விடுப்பா."

படுத்திருக்கிறவரு, காதுல விழுந்திருக்காதுன்னு நெனச்சேன். விழுந்துருச்சுங்க!

சாயங்காலம் கோர்ட்டுக்கு வெளிய ஆட்டோவுல உட்கார்ந்திருக்கேன். பக்கத்து மரத்தடியில ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு வயித்தைப் புடிச்சுக்கிட்டு சுருண்டு கெடக்குது. பாவமா இருந்துச்சு. வீட்டம்மா குடுத்து விட்ட மோர் பாட்டில் இருந்துச்சு. பெருங்காயம், இஞ்சி எல்லாம் தட்டிப் போட்டது. "ட்ரிங்க்... ஸ்டொமக் குட்"னு நீட்டினேன். என் இங்கிலீஷ் மொத்தமும் அதுல காலி.

மூக்கைப் பொத்திக்கிட்டு குடிச்சுச்சு. கொஞ்ச நேரத்துல ஒரு ஏப்பம் விட்டுச்சு பாருங்க... மலைக்கோட்டைக்கே கேட்டிருக்கும். எந்திரிச்சு, கும்பிட்டுட்டு, உள்ள ஓடிடுச்சு.

அப்பதான் ரஞ்சனி வெளிய வருது, முகமெல்லாம் வேர்வை. "அண்ணா, ஒருத்தி மட்டும் இன்னும் வரல! வயித்து வலியாம், வெளியில படுத்துண்டிருக்காளாம்!"

கையில இருந்த காலி பாட்டிலை நைசா முதுகுக்குப் பின்னாடி மறைச்சேன்.

அதுக்குள்ள உள்ளயிருந்து மைக்ல சொல்லிட்டாங்க. எல்லாரும் வந்தாச்சாம்.

"யாரு அவளை எழுப்பினது?"

காலி பாட்டிலைக் காட்டினேன்.

"நீங்க எனக்கு அண்ணாவா, அவளுக்கு அண்ணாவா?"

பெருமாளு போட்டுக் குடுத்த பிளானை மோர் ஊத்தி அணைச்சவன், மூணு லோகத்துலயும் நான் ஒருத்தன்தான். ரஞ்சனி ராக்கெட் பையை ஆட்டோவுல வெச்சுட்டு, அதும்மேலயே தலையைச் சாச்சுக்கிச்சு. வண்டியை ஸ்டார்ட் பண்ண எனக்குக் கை வரல.

அப்பப் பாத்து அந்த வெள்ளைக்காரப் பொண்ணு திரும்ப ஓடி வருது. பேரு டாரியாவாம். என்னைக் காட்டுது, வயித்தைக் காட்டுது, ரஞ்சனிகிட்ட என்னமோ பொரிஞ்சு தள்ளுது.

"என்னம்மா சொல்லுது?"

"டபுள்ஸுக்கு இவ ஜோடி வரலியாம் அண்ணா. நான் வரேனான்னு கேக்கறா. இந்த ஊர்க்காரா நல்லவாளாம்." சொல்லிட்டு என்னைப் பாத்து ஒரு மொறை.

மறுநாள் மேட்ச். அது அவங்க பாஷையில கத்துது, இது "விடு விடு, அவுட்டு"ங்குது. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் புரியல, பந்துக்கு மட்டும் புரிஞ்சுது. இழுத்துப் புடிச்சு ஜெயிச்சாங்க! ரங்கராஜன் சார் கைதட்டக் கூடாத நேரத்துல கைதட்டி, அம்பயர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாரு. அதுக்கடுத்த மேட்ச்ல தோத்துட்டாங்க. கெடச்சது துளியூண்டு ரேங்க்கிங் பாயிண்ட்.

வீட்டுக்கு வர்ற வழியில அப்பாவும் பொண்ணும் வாயே தொறக்கல. மெட்ராஸ் வேலைதான் போலன்னு நானும் முடிவு கட்டிட்டேன். உலகத்துல எண்ணூத்துச் சொச்சம் பேருக்குள்ள ஒருத்தியா இருக்கறது எவ்ளோ பெரிய விஷயம்? ஆனா பக்கத்துத் தெருவுக்கு அது ஒண்ணுமே இல்ல... யாருகிட்டச் சொல்லி அழ?

மறுநாள் காலையில சவாரி இருக்காதுன்னு கொஞ்சம் அசந்து தூங்கிட்டேன். போன் அடிக்குது. ரங்கராஜன் சார்.

"என்னப்பா மணி, இன்னும் வரலியா? கொழந்தைக்கு பிராக்டிஸுக்கு நாழியாறதுப்பா!"

டென்னிஸை விடச் சொன்னவரு இவருதாங்க!