தகப்பன் உயரம் ஆறடி மூன்று

எங்கள் தொழிலைப் போல அசிங்கமான தொழில் இன்னொன்று இருக்கிறதா, தெரியவில்லை. பதினேழு வயதுப் பையன்கள் ஐஸ் ஹாக்கி ஆடுவதை அரங்கத்தின் மேல் வரிசையில் உட்கார்ந்து பார்த்து, இவன் தேறுவான், இவன் தேற மாட்டான் என்று பெரிய அணிக்கு எழுதி அனுப்புகிற வேலை. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட நடையையும் நிறத்தையும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். நாங்கள் பையனின் அப்பன் எவ்வளவு உயரம், அம்மா எவ்வளவு பருமன், அண்ணனுக்கு எத்தனையாம் நம்பர் செருப்பு என்பதுவரை பார்ப்போம். பையன் இன்னும் எத்தனை அங்குலம் வளர்வான் என்று ஊகிக்க வேண்டுமாம். த்தூ.

இந்த வேலையை இருபத்தொன்பது குளிர்காலம் மானமாகச் செய்த ஒரே ஆள் ஒரெஸ்ட் மெல்னிக். கனடாவில் யார்க்டன் பக்கத்துக் கோதுமை விவசாயி வீட்டுப் பிள்ளை. தானும் ஆடியவர்தான், மூன்றாம் வருஷம் முழங்கால் போய்விட்டது. சாஸ்கச்சுவான் மாகாணம் முழுக்க அவர் பொறுப்பு, பக்கத்து மானிட்டோபா என் பொறுப்பு. குளிரில் பேனா மை உறைந்துபோகும் என்று பென்சிலில்தான் எழுதுவார். வண்டியில் சூரியகாந்தி விதையைக் கொறித்து, தோலைக் காபிக் குவளைக்குள் துப்பிக்கொண்டே நானூறு கிலோமீட்டர் ஓட்டுவார். எந்தப் பையனையும் 'உதவாக்கரை' என்று அவர் எழுதியதில்லை. 'இன்னும் ஒரு வருஷம் பார்க்க வேண்டும்' என்றுதான் எழுதுவார். அலுவலகத்தில் அதற்காகவே அவரைக் கிண்டல் செய்வார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் கோல்பி ஃப்ரீசன் விஷயத்தில் சறுக்கினார்.

கோல்பி மூஸ் ஜா ஊர் அணியில் ஆடிக்கொண்டிருந்தான். ஐந்தடி எட்டு அங்குலம். பந்து எங்கே வரும் என்று எல்லோருக்கும் முன்னால் தெரிந்துவிடும் பையன்களில் ஒருவன். ஐஸ் ஹாக்கியில் அது பந்தில்லை, ரப்பர் வில்லை; உங்களுக்குப் பந்து என்றால் போதும். குள்ளம் என்பது ஒன்றுதான் குறை. அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் கதவுபோல ஒரு ஆள் வந்து பையனைக் கட்டிப்பிடித்தான், அவனுடைய பெரிய பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்கு நடந்தான். வெளியே பனிப்புயல் எழும்பியிருந்தது. நெடுஞ்சாலையை மூடுவதற்குள் கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில் ஒரெஸ்ட் யாரையும் கேட்காமல் எழுதினார்: 'தகப்பன் உயரம் ஆறடி மூன்று. பையன் நான்கு அங்குலம் வளர்வான்.' அந்த ஒரு வரியை நம்பித்தான் எங்கள் அணி வருஷாந்திரத் தேர்வில் அவனை இரண்டாம் சுற்றிலேயே எடுத்தது.

அந்த ஆள் தகப்பனே இல்லை. வெளியூர்ப் பையன்கள், ஆடுகிற ஊரில் யாராவது ஒரு குடும்பத்தோடு தங்கித்தான் படிப்பார்கள், ஆடுவார்கள். கோல்பியைத் தங்கவைத்த வீட்டுக்காரர் டெரில் ஹாக்தான் அந்த ஆறடி மூன்று. அத்தனை வருஷமாக நூறு வீட்டுக்காரர்களோடு கைகுலுக்கியவர், அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்க மறந்துவிட்டார்.

இது எனக்கு அடுத்த குளிர்காலமே தெரியும். மூஸ் ஜா அரங்கத்துக் காபி வரிசையில் டெரிலே சொன்னான். நான் ஒரெஸ்டிடம் சொல்லவில்லை. ஏன் என்றால், நான் சிபாரிசு செய்த பிராண்டன் ஊர்த் தடியன் ஒருவன் பட்டியலில் கோல்பிக்குக் கீழே இருந்தான். கோல்பி வளராமல் போனால் தானே சரிவான், என் ஆள் மேலே ஏறுவான். வேறு காரணம் எதுவும் இல்லை.

எடுத்த பையனோடு இரண்டு வருஷத்துக்குள் ஒப்பந்தம் போடாவிட்டால் அவன் கைவிட்டுப் போய்விடுவான். அந்தக் கெடு வந்த மே மாதம், கையிருப்பில் உள்ள இளைஞர்களைத் தரம் பிரிக்க எங்களை எல்லாம் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். சுவர் முழுக்க ஒரு இரும்புப் பலகை. இருபத்து மூன்று பையன்களின் பெயர் எழுதிய காந்தப் பட்டைகள் அதில் மேலும் கீழுமாக ஒட்டியிருந்தன. மேலாளர் லாங்டன் ஒரு கையில் சாண்ட்விச்சோடு மறுகையால் பட்டைகளை நகர்த்துவார். கடுகுச் சாந்து ஒழுகி ஒரு பையன் பெயரில் விழுந்தது, யாரும் துடைக்கவில்லை. இவன் அம்மா பீப்பாய் மாதிரி இருக்கிறாள், இவனும் ஊதிவிடுவான் என்று ஒருத்தன். அப்பனுக்குக் குடிப்பழக்கம், விட்டுத்தள்ளு என்று இன்னொருத்தன்.  அவர்கள் சிரித்தபோதெல்லாம் நானும் சிரித்தேன்.

கோல்பி முறை வந்தது. இரண்டு வருஷத்தில் அரை அங்குலம்கூட வளரவில்லை. லாங்டன் பழைய அறிக்கையை வாசித்துவிட்டு, இவ்வளவு பெரிய அப்பனுக்குப் பிறந்தவன் வளரவில்லை என்றால் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, சோம்பேறிக் கழுதை என்று திட்டத் தொடங்கினார்.

ஒரெஸ்ட் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி பையன் தலையோடு போயிருக்கும். அவருக்கே உண்மை தெரிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எழுந்து நின்றார்.

"பையனைத் திட்டாதீங்க. அது அவன் அப்பா இல்ல, தங்கியிருந்த வீட்டுக்காரரு. நான்தான் விசாரிக்காம எழுதிட்டேன். தப்பு என்னோடது."

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்குகிறவரை நின்றுவிட்டு அவர் மறுபடி பேசினார்.

"உயரத்தை விடுங்க. போன வருஷம் அறுபத்தெட்டு ஆட்டத்துல எண்பத்தோரு புள்ளி எடுத்திருக்கான். இந்தப் பலகையில மூணாவது இடத்துல இருக்க வேண்டிய பையன். நான் சொல்றது நம்பிக்கையில்லன்னா கெல்வினைக் கேளுங்க. அவனும் பதினோரு தடவை பாத்திருக்கான்."

கெல்வின் நான்தான். லாங்டன் என் பக்கம் திரும்பினார். ஒரெஸ்டும் திரும்பினார். கோல்பி நல்ல ஆட்டக்காரன் என்பது எனக்கு என் பெயரைப் போலத் தெரியும். அதை மட்டும் சொல்லியிருந்தால் போதும்.

"உயரம் கொஞ்சம் இடிக்கத்தான் செய்யுது," என்றேன்.

லாங்டன் பட்டையைப் பிய்த்து மேசையடியில் இருந்த அட்டைப் பெட்டிக்குள் போட்டார். என் பிராண்டன் தடியன் ஒரு படி மேலே ஏறினான். அடுத்த வாரம் ஒரெஸ்டையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அணி கொடுத்திருந்த வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

நீக்கப்பட்ட பையனுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் போகும், அவ்வளவுதான் வழக்கம். ஒரெஸ்டுக்கு அது பொறுக்கவில்லை. நேரில் போய்ச் சொல்ல வேண்டும், அவன் சொந்த ஊர் எஸ்டர்ஹேசி வரை கூட்டிப்போ என்று என்னைக் கேட்டார். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. உள்ளதைத்தானே சொன்னாய் என்றார். அவர் இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கோல்பி தானியக் கிடங்கு வேலைக்குப் போயிருந்தான். கதவைத் திறந்தவர் அவன் அப்பா வெர்ன், பொட்டாஷ் உரச் சுரங்கத் தொழிலாளி. என் தோளுக்குத்தான் வந்தார். உட்காரவைத்து, காபி ஊற்றி, ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு அப்பத்தை வெட்டித் தட்டில் வைத்தார். ஒரெஸ்ட் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார், தான் எழுதிய வரியையும் சேர்த்து. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெர்ன் காபிக் குவளையைக் கீழே வைத்தார்.

"நீங்க ஏன் சார் வருத்தப்படறீங்க, தப்பு என்னோடதுதான். நீங்கல்லாம் அப்பாவைப் பாப்பீங்கன்னு ஊர்ல சொன்னாங்க. என்னைப் பாத்தா பையனைக் கழிச்சிடுவீங்கன்னு பயம். அதான் மூஸ் ஜா பக்கமே நான் போகல. மூணு வருஷமும் ரேடியோவுலதான் கேட்டேன். அவன் அம்மாவை மட்டும் அனுப்பிடுவேன், அவ உயரம்."

ஒரெஸ்ட் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெர்ன் மெல்லக் கேட்டார்.

"அப்ப இனிமே அவன் ஆடறதைப் பாக்க நான் போலாமில்ல சார்? இனி ஒண்ணும் கெட்டுப்போகாதில்ல?"

"போங்க வெர்ன். முன்வரிசையிலயே உக்காருங்க," என்றார் ஒரெஸ்ட்.

அந்த மேசையில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். வெர்ன் என் தட்டில் இன்னொரு துண்டை வைத்தார். அதையும் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி எழுந்தேன்.